அவள் தோளுக்குப் பின்னால்

லூர்தெஸ் என்று பேர் சொன்னாள்.
எங்கள் பக்கம் அது லூர்துமேரி என்றேன்.
சிரித்தாள். கொலரில் மைக்கைக் கொளுவியபடியே
கெமராக்காரனுக்கும் ஸ்பானிய மொழியில் சொன்னாள்.
அவன் சிரிக்கவில்லை. அவன் கவலையெல்லாம் மூடுபனி.

பொகவந்தலாவையில் மூன்று நாளாய் வெளிச்சமில்லை.
வேனுக்குள் இருந்தோம், பனி எழும்பட்டுமென்று.
எனக்கு நாட்கூலி, பனி விலகினாலும் விலகாவிட்டாலும்.
இந்த மலையில் வேறு யாருக்கும் அப்படிப் பேசியதில்லை.

இருவருக்கும் இரவலான இங்கிலீசில் சொன்னாள்:
இருபத்துமூன்று வயதில் வானிலை வாசிக்கப் போனது,
கடலோர நகரமொன்றில், தங்கச்சியின் கோட்டோடு.
நாளைக்கு மழை என்று சொன்ன மறுநாள்
மீன்காரிகள் தெருவில் மறித்து
மேகத்தை விட்டுவிட்டு அவளைத் திட்டினார்கள்.
பிறகு ஒன்பது மணிச் செய்தி. பதினான்கு வருடம்.
தேர்தல் இரவுகள். ஒரு ரயில் விபத்து:
இறந்தவர் பட்டியலில் எழுபதாவதோ என்னவோ
ஒரு பேரில் மட்டும் குரல் இடறியது.
தெரிந்த ஆளுமில்லை.
ஏனென்று இன்றைக்கும் தெரியாதாம்.

நாற்பத்தெட்டு முடிந்த கிழமை
புதுப் பணிப்பாளர் கோப்பி வாங்கித் தந்து
உனக்குப் பயணம் பொருந்தும் என்றாராம்.
பொருந்துகிறது, என்றாள், கண்ணாடியைத் துடைத்தபடி.
பாலம், சந்தை, ஒட்டகம். இப்போது தேயிலை.

நீ? என்றாள்.

பன்னிரண்டு வருடமாய்ச் செய்தி அனுப்புகிறேன்.
மண்சரிவு, குளவிக்கொட்டு, சம்பளப் போராட்டம்,
மறுபடி மண்சரிவு.
படம் போகும், என் குரல் போகாது.
கொழும்பில் ஒருத்தி அதையே திரும்ப வாசிப்பாள்.
தோட்ட வாடை அடிக்குதும்மா உன் தமிழில் என்று
செய்தி ஆசிரியர் ஒருமுறை சொன்னார், அன்பாகத்தான்.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
ஏறக்குறைய உன்னைப் போலத்தான் என்றேன்.

நாலாம் நாள் பதினொரு மணிக்கு வெளித்தது.
நிறுவைக்கு ஓடினோம்.
கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள்,
குதிகாலால் இரண்டு தரம் தரையைத் தட்டினாள்,
முகத்தில் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்தது.
ஞானசௌந்தரி கொழுந்துப் பையோடு வந்து நின்றாள்.
தாளில் எழுதியிருந்த கேள்வி:
இந்த மலை உங்களுக்கு என்ன கற்றுத் தந்தது?

கெமராவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டேன்:
"அக்கா, இன்னைக்கு எத்தன கிலோ கழிச்சாங்க?"

"ரெண்டு. தண்ணிக் கழிவாம்.
மழையே பேயல, என்னா தண்ணி?
இருபதுக்கு ஒன்னு கொறஞ்சா அரைப்பேர்தான்.
பத்தொம்பதுன்னு போட்டாங்க, பாரு."

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத லூர்தெஸ்
என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.
மலையைப் பற்றிப் பேசும் முகமில்லை அது என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
தாளை நாலாய் மடித்தாள்.
அடுத்ததையும் நீயே கேள், என்றாள்.

இரண்டு மாதம் கழித்து லிங்க் வந்தது.
நாற்பது நிமிடத்தில் எங்கள் தோட்டம் மூன்று நிமிடம்.
ரயிலும் அருவியும் அதிகம்தான்.
ஆனால் என் குரலை எடுக்கவில்லை.
கீழே ஸ்பானிய எழுத்து ஓட
மேலே "அக்கா, இன்னைக்கு" என்று நான்,
யாருக்கும் என்னைப் புரியாத ஒரு நாட்டில்.
பஸ் நிலையத்தில் நின்று நாலு தரம் கேட்டேன்.
வாடை அடிக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞானசௌந்தரியிடம் காட்டினேன்.
தன் முகத்தை அவள் அதிகம் பார்க்கவில்லை.
கறை பிடித்த விரலால் படத்தை நிறுத்தினாள்,
விரித்தாள், இன்னும் விரித்தாள்.
லூர்தெஸின் தோளுக்குப் பின்னால்
தொங்கு தராசு, அதில் என் அக்காவின் பை.
"முள்ளப் பாரு," என்றாள்.
இருபத்தொன்று.

போனை எனக்குத் திருப்பித் தரவில்லை.
மறுநாள் பிரட்டுக்கு முன்னமே
அதை எடுத்துக்கொண்டு
ஒபிஸ் பக்கம் நடந்தாள்.